முகம் காட்டிச் சொல்லப் புறப்பட்டவர்

"எக்கா, அவுக செத்துப்போனாவக்கா" என்று பொன்னுத்தாய் போனில் சொன்னபோது நான் மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் அவள் புருஷன் செல்லத்துரையோடு போனில் சண்டை போட்டிருந்தேன். "இந்த வெயிலில் வாஷிக்குப் போகாதீர்கள், உடம்பு கேட்காது" என்று நான் கத்த, "வெரசா வந்துருவேன் மேடம்" என்று அவர் சிரித்தார். வாஷி வண்டியைப் பிடிக்கக் குர்லா ஸ்டேஷன் பாலத்தில் ஏறியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. நான் முருங்கைக்காயைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு தாராவிக்கு டாக்ஸி பிடித்தேன்.

எங்கள் தமிழ் அரைமணி நிகழ்ச்சியைக் கேட்டவர்களுக்குச் செல்லத்துரையை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மும்பை வானொலி ஒன்றில் தினமும் மாலையில் அரைமணி நேரம் தமிழில் பேசிப் பாட்டுப் போட்டவர்கள் நானும் அவரும். பகலில் அவர் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் கணக்குப் பார்த்தார். மாலையில் சட்டையை மாற்றிக்கொண்டு லோக்கல் ரயில் பிடித்து ஸ்டுடியோவுக்கு வருவார். என் பேச்சைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு. "மேடம், உங்க தமிழ் இஸ்திரி போட்ட தமிழுல்லா!" என்பார். "உங்கள் தமிழைத் துவைக்கவே இல்லையே, ஐயா" என்பேன் நான். இப்படியே எங்கள் இருவருக்கும் தலை நரைத்துவிட்டது.

ஒரு மழைக்காலத்தில் சயன் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஓடுகிறது என்று செல்லத்துரை அறிவித்துவிட்டார். கையில் வந்த தகவல் பழையது. தண்டவாளம் அதற்குள் தண்ணீருக்குள் போயிருந்தது. மறுநாள் பாட்டுக்கு முன்னால், "நேத்து என் பேச்ச நம்பி ஸ்டேஷனுக்குப் போயி நனைஞ்சவங்க என்னைய மன்னிக்கணும்" என்று மைக்கில் சொன்னார். மேலதிகாரி கூப்பிட்டுத் திட்டினார். நிலையத்தின் மானம் போய்விட்டதாம்! வெளியே வந்தவர் என்னிடம் சொன்னார்: "வீட்டுக்குள்ள நுழையுத குரல் மேடம் இது. செருப்பக் கழட்டிப் போட்டுட்டுத்தான் போணும்." அதை நான் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் எங்கள் நிலையத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். முதலில் சிந்தி நிகழ்ச்சி. உல்லாஸ்நகரிலிருந்து வரும் அந்த அறிவிப்பாளர் டீ குவளையைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் ஐயோ பாவம் என்றோம், அவ்வளவுதான். பிறகு பழைய ஒலிநாடாக்களை எங்கேயோ கொண்டுபோனார்கள். பிறகு பாதிப் பேருக்கு வேலை இல்லை. கடைசியில் எங்கள் முறை. இனி எல்லாம் செல்போன் செயலியில்தான், பிராந்திய நிகழ்ச்சிகள் வேண்டாம் என்று மேலிடத்து முடிவு. எங்கள் நேயர்களில் எத்தனை பேர் செயலியைக் கண்டார்கள்? அதை யாரும் கேட்கவில்லை.

நிறுத்துவதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். விடைபெறக் கூடாது என்றார்களே, அதுதான் இன்றும் வயிற்றெரிச்சல். இன்றோடு முடிகிறது என்று சொன்னால் புகார்கள் வரும், தலைவலி. "ரோஜ் ஜைசா, வைசா ஹி" என்றார் அதிகாரி. தினமும் எப்படியோ அப்படியே முடிக்க வேண்டுமாம். நான் மைக்கிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன் என்று குதித்தேன். செல்லத்துரை என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த டெக்னீஷியன் பெண்ணைக் காட்டினார். காண்ட்ராக்ட் வேலை, கைக்குழந்தைக்காரி. "நமக்கு இன்னையோட போச்சு மேடம். அந்தப் புள்ளைக்கும் சேத்துப் போணுமா?" என்றார். அப்புறம் மைக்கைத் திறந்து, என்றைக்கும் போல, "நாளை மாலை இதே நேரம் மீண்டும் சந்திப்போம்" என்று சொன்னார். குரல் ஒரு பிசிறுகூடத் தட்டவில்லை. ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதார்.

மறுநாள் அந்த நேரத்தில் இந்திப் பாட்டுப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்துச் செல்லத்துரை எனக்குப் போன் செய்து, தெரிந்த நேயர்களையெல்லாம் வீடுவீடாகப் பார்க்கப் போகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் போட்டுப் பாட்டுக் கேட்பவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கு அத்துப்படி. "போனில் சொன்னால் போதாதா? பைத்தியமா உங்களுக்கு?" என்றேன். "போன்ல போனாலும் அதே குரல்தான மேடம். அந்தக் குரலு பொய் சொல்லிட்டுல்லா. இனி மொகத்தக் காட்டித்தான் சொல்லணும்" என்றார்.

செம்பூரில் ஒரு வீட்டுக்கு நானும் கூடப் போனேன். ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்றவர். ஒரு காலத்தில் வாரம் தவறாமல் எங்களுக்குக் கடிதம் போட்டவர். காப்பி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "அடடே, அது இத்தனை நாள் நடந்துண்டா இருந்தது?" என்றார். வேண்டுமென்று குத்தவில்லை, பாவம், நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். கீழே இறங்கும்போது செல்லத்துரை என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கேட்கிறார்கள் என்று நம்பித்தானே இத்தனை வருஷம் தொண்டைத்தண்ணி வற்றப் பேசினோம்? இத்தோடு விட்டுவிடுங்கள் என்றேன். "கேக்காதவங்கள விடுங்க. கேட்டவங்க இருப்பாங்கல்லா" என்றார்.

இருந்தார்கள். விக்ரோலியில் ஒரு அம்மாள், சர்க்கரையில் இரண்டு கண்ணும் போனவர். தலைமாட்டில் ரேடியோ. தமிழ் வரவேண்டிய நேரத்தில் இந்திப் பாட்டு வந்ததும், மருமகள் முள்ளைத் திருப்பிவிட்டாள் என்று முடிவுகட்டிவிட்டார். அவள் இல்லை என்று தலையில் அடித்துச் சொல்லியும் நம்பவில்லை. ரெண்டு மாதமாக அவள் கையால் சோறு வாங்கித் தின்னவில்லை, பக்கத்து வீட்டிலிருந்துதான். "நாளைக்கு வருவோம்னு துரை தம்பி சொல்லுச்சே. அது பொய் சொல்லுமா? இவதான் என் காதையும் பிடுங்கிட்டா" என்று எங்களிடமே முறையிட்டார். வந்திருப்பது யார் என்று நாங்கள் இன்னும் சொல்லவில்லை. செல்லத்துரை தரையில் உட்கார்ந்து அந்த அம்மாளின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். "அம்மா, நாந்தான் துரை. உங்க மருமக தொடல. நாந்தான் பொய் சொன்னேன்" என்றார். அடுக்களையில் மருமகள் ஓவென்று அழுதாள். அந்த அம்மாள் கையை உருவிக்கொண்டார். "அப்ப இனி வராதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் செல்லத்துரை ஒருநாள்கூட வீட்டில் தங்காமல் மிச்ச நேயர்களைத் தேடி அலைந்தார்.

அவர் இறந்த அன்று நிலையத்துக்குப் போன் செய்தேன். எத்தனை பேர் வீட்டு இழவை எங்கள் வாயால் சொல்லியிருப்போம்! அவருக்காக ஒரு வரி சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். தமிழுக்கு இடமே இல்லையே, எங்கே சொல்வது என்றார்கள். இந்தியில் சொல்லுங்கள் என்றேன். பார்க்கிறோம் என்றார்கள். பொன்னுத்தாய் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு வரி கடைசிவரை வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் வாஷிக்கு நான் போனேன். அவர் போய்ச் சேராத வீடு. அடுக்குமாடியில் நேயரின் மகன் கதவைத் திறந்தான். "ஆன்ட்டி, அப்பா போய் ஒரு மாசம் ஆச்சு" என்றான். படுக்கையில் கிடந்தவர் தமிழ் நிகழ்ச்சி ஏன் வரவில்லை என்று தினமும் கேட்பாராம். "என்ன சொல்றதுன்னு தெரியல. நெட்வொர்க் இல்லப்பான்னு சொல்லி வச்சோம்" என்றான். நல்ல பையன், கண் கலங்கித்தான் சொன்னான். உயிரோடு இல்லாத ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க ஓடித்தான் செல்லத்துரை உயிரை விட்டிருக்கிறார். பாவி மனுஷன்! லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கி வந்துவிட்டேன்.

அவர் குரல் பதிந்த நாடா ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவர் போகாமல் விட்ட வீடுகள்தான் அவர் பங்காக என்னிடம் மிச்சம். அத்தனைக்கும் ஏறி இறங்க என் முழங்காலுக்குத் தெம்பு இல்லை. அதனால் எழுதுகிறேன். தெரிய வேண்டியவர்களில் பலருக்குக் கண் இல்லை, பலருக்கு எழுத்துத் தெரியாது, அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. இது போய்ச் சேராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். யாராவது ஒருவர் ஒரே ஒரு வீட்டிலாவது படித்துக் காட்டுங்கள்.

நேயர்களே, வசந்தா பேசுகிறேன். செல்லத்துரை இறந்துவிட்டார். தமிழ் அரைமணி நின்றுவிட்டது, நாளைக்கும் வராது. ரேடியோவை அணைத்துவிடுங்கள்.