முள் நின்ற இடம்

எனக்கு மிகவும் பிடித்த பாட்டு எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். ஆனால் அதே பாட்டு வானொலியில் வந்தால் எழுந்து போய் நிறுத்திவிடுவேன். வீட்டில் இருப்பவர்கள் இதை என் முதுமைக் கோளாறுகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். உட்கார வைத்து விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. எழுதும்போது மட்டும் கொஞ்சம் பொறுமை வருகிறது என்பதால் எழுதிவைக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் ஒரு மில் ஆபீசில் குமாஸ்தா. வீடு சிங்காநல்லூரில். அன்றைக்கு அது தனி ஊர். குளத்தைத் தாண்டினால் சோளக்காடு, பருத்திக்காடு, நடுநடுவே மில் புகைபோக்கி. என் அக்காவை வெள்ளகோவில் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் பருத்தி வியாபாரம் செய்தார். சிரித்த முகம். எதையும் அவசரமாகச் செய்யமாட்டார். கட்டிலில் சாய்ந்துவிட்டால் வீடு பற்றி எரிந்தாலும் யோசித்துத்தான் எழுந்திருப்பார்.

ஒரு வருஷம் பருத்தி நல்ல விலைக்குப் போனது. காளை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர் கிராமபோன் வாங்கிக்கொண்டு வந்தார். வரும் வழியில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதில் பெட்டி சரிந்து, பாட்டு வருகிற குழாயின் ஓரம் நசுங்கிப்போனது. அந்த நசுங்கலோடுதான் அது வீட்டுக்குள் வந்தது. மூடியின் உள்பக்கத்தில் தீப்பெட்டிப் படங்களை ஒட்டி மச்சான் அதை அலங்காரம் செய்தார்.

கூட வந்த இசைத்தட்டுகளில் ஒன்றில் ஒரு பெண்குரல் முருகனைக் கூப்பிட்டுப் பாடும். செஞ்சுருட்டி ராகம் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. முதல்நாளே மச்சானின் கை வழுக்கி, முள் தட்டின்மேல் ஒரு கீறல் போட்டுவிட்டது. சரியாக, அந்த அம்மாள் ‘வா’ என்று கூப்பிடுகிற இடம். அதற்குப் பிறகு எப்போது போட்டாலும் முள் அங்கே சிக்கிக்கொள்ளும். வா, வா, வா என்று பாட்டு நகராமல் நிற்கும்.

மச்சான் கட்டிலில் இருந்தபடியே எங்களைப் பார்ப்பார். “இத்தன தடவ கூப்புடுது. ஒருத்தராச்சும் போறீங்களா பாரு” என்பார். பிறகு, “வாரேன், வாரேன்” என்று தட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டே எழுந்து போய், பெட்டியின் பலகையை விரலால் இரண்டு தட்டு தட்டுவார். முள் கீறலைத் தாண்டிவிடும். அக்கா ஒவ்வொரு முறையும் அப்போதுதான் புதிதாகக் கேட்டவள்போல் சிரிப்பாள். அப்படியொன்றும் பெரிய வேடிக்கை இல்லை. எனக்கு எரிச்சல்கூட வரும். வேறு தட்டு வாங்கலாமே என்று ஒருமுறை சொன்னேன்.

“வேண்டாங் கண்ணு. இது நின்னாத்தான் இவுங்க எந்திரிக்கறாங்க” என்றாள் அக்கா.

ஒரு மாசி மாதம் வந்த காய்ச்சலில் மச்சான் போய்விட்டார். குழந்தை இல்லை. கருமாதி முடிந்ததும் அக்காவின் மாமனார் பாட்டுப் பெட்டியையும் தட்டுகளையும் கோயமுத்தூர் போகிற பருத்தி வண்டியில் ஏற்றி, யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி அனுப்பிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மகனின் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லை. அக்காவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்களில் அதைக் கேட்கிற வழக்கம் இல்லை. வெள்ளைச் சேலையோடு அவள் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

எங்கள் பக்கத்து மரியாதையை எல்லோரும் புகழ்வார்கள். நானும் புகழ்ந்திருக்கிறேன். அக்கா விஷயத்தில்தான் அந்த மரியாதையை வெறுத்தேன். அவள் வந்தால் பேச்சு குறையும், சிரிப்பு நிற்கும். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஆள் மாட்டை ஓட்டிக்கொண்டு பாடுவான். தூரத்தில் வெள்ளைச் சேலையைக் கண்டதும் பாட்டை விழுங்கிவிட்டு மாட்டை மட்டும் ஓட்டுவான். துக்கப்பட்டவள் காதில் பாட்டு விழுந்தால் அவளைக் கேலி செய்ததுபோல் ஆகிவிடும் என்று ஊரே நினைத்தது. எல்லாம் நல்ல எண்ணம். அவள் நடந்த வழியெல்லாம் சத்தம் அடங்கிப்போயிற்று. அவளும் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை.

ஒருநாள் மாலை ஆபீஸ் விட்டு, டவுனில் சிங்காநல்லூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்துப் பஸ்ஸுக்கு நேரம் என்று ஒன்று பேருக்குத்தான். ஆள் நிறைந்தால் கிளம்பும். நிறைகிற வரைக்கும் எதிரே இருந்த காபி கிளப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஆட்களை இழுப்பதற்காகக் கிளப்புகளில் கிராமபோன் வைக்க ஆரம்பித்திருந்த சமயம். பாட்டு வந்தது. நான் கவனிக்கவில்லை. வா, வா, வா என்று நின்றது. எப்படிப் பஸ்ஸை விட்டு இறங்கினேன் என்று தெரியவில்லை.

நசுங்கிய குழாய். மூடியில் தீப்பெட்டிப் படங்கள். சந்தேகமே இல்லை.

“பெட்டி நல்ல பெட்டிங்க” என்றார் கிளப்புக்காரர். “வண்டிக்காரர் ஒருத்தர் கொண்டாந்து குடுத்தாருங்க. இந்த ஒரு தட்டுத்தான் சிக்கிக்கிட்டு மானத்த வாங்குது. அமாவாசை கழிச்சுப் புதுத் தட்டு வருதுங்க. வந்ததும் இத எறிஞ்சுபோடோணும்.”

எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். தட்டை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெட்டியே வந்தாலும், அப்பா இருக்கிற வீட்டில் அக்காவுக்கு முன்னால் அதைப் பாடவைக்க முடியாது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“இன்னும் சிக்குதா?” என்று மட்டும் கேட்டாள்.

“சிக்குதுங்க அக்கா.”

மறுநாள் காலையில் அப்பாவிடம் போய், “அமாவாசைக்குப் பேரூர்க் கோயிலுக்குப் போயிட்டு வாரனுங்க. தம்பி கூட வரட்டுங்க” என்றாள். மகளுக்கு மனம் தேறிவிட்டது என்று அப்பாவுக்குச் சந்தோஷம்.

அமாவாசை அன்று பேரூர் போனோம். எந்தக் கோயிலுக்குப் போனாலும் நிதானமாகச் சுற்றுகிறவள் அன்றைக்குத் திரும்பித் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நேரமாகிவிட்டதா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. ஜட்கா பிடித்து டவுனுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பெண்கள் காபி கிளப்பில் ஏறி உட்காருகிற காலம் இல்லை அது. வெள்ளைச் சேலைக்காரி அந்தப் படியை மிதித்தால் ஊர் ஒரு வாரம் பேசும். பஸ் ஒன்றுதான் வழி. கிளப்பைப் பார்த்த பக்கமாக ஜன்னல் ஓரத்தில் அவளை உட்கார வைத்தேன். பஸ்ஸில் ஆள் நிறையக் கூடாது என்று நான் சாமியை வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

இறங்கிப் போய் அந்தத் தட்டைப் போடச் சொன்னேன். யாருக்காக என்று சொல்லவில்லை. கிளப்புக்காரர் சாவி கொடுத்து முள்ளை வைத்தார். நான் திரும்பி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். குரல் எழுந்தது. அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். இரண்டு அடி பாடியிருக்கும்.

கிளப்பின் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பஸ்ஸைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

“ஏனுங்க, அத நிறுத்துங்க. துக்கப்பட்ட அம்மணி பஸ்ஸுல உக்காந்திருக்கறாங்க.”

கிளப்புக்காரர் பதறிப்போய் முள்ளைத் தூக்கினார். “பாக்கலீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க” என்று பஸ்ஸைப் பார்த்துக் கும்பிட்டார். உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். அத்தனை பேரும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

உங்கள் மரியாதையில் இடி விழ என்று கத்தியிருப்பேன். வாயைத் திறந்துகொண்டு எழுந்தும்விட்டேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

வெளி ஆண்களிடம் அவள் நேராகப் பேசி நான் பார்த்ததில்லை. முகத்தை ஜன்னலுக்கு அருகே கொண்டுபோனாள். “ஏனுங்க” என்றாள். குரல் வரவில்லை. மறுபடியும், “ஏனுங்க. நிறுத்தாதீங்க. அது எங்க ஊட்டுப் பெட்டிங்க. அவுங்க வாங்குனதுங்க. பாடட்டுங்க” என்றாள்.

கிளப்புக்காரர் குழாயைப் பஸ் பக்கம் திருப்பிவைத்தார். மறுபடி சாவி கொடுத்து, பாட்டை முதலிலிருந்து போட்டார். இதற்குள் பஸ் நிறைந்துவிட்டது. கிளப்பலாமா என்று கிளீனர் கேட்டதற்கு டிரைவர் கையைக் காட்டி, இரு என்றார்.

அந்த இடம் வந்தது. வா, வா, வா.

கிளப்புக்காரர் அவசரமாகக் கையை நீட்டினார்.

“தொடாதீங்க” என்றாள் அக்கா.

அவர் கையை எடுத்துக்கொண்டார். தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். யார் எழுந்து வரவேண்டும் என்று காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். நானே ஓடிப்போய்த் தட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

கடைசியில் அவள் கையைத் தூக்கி, பஸ் ஜன்னலின் மரச்சட்டத்தில் விரலால் இரண்டு தட்டு தட்டினாள். “வாரேன், வாரேன்” என்று மெதுவாகச் சொன்னாள். அவ்வளவு தூரத்தில் இருந்த முள் அதற்கு எப்படி நகரும்? கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கிளப்புக்காரரிடம், “இனித் தட்டிவிடுங்க. பலகையில, ரெண்டு தட்டு” என்றாள்.

அவர் தட்டினார். முள் தாண்டியது. பாட்டு முடிகிற வரைக்கும் பஸ் நின்றது.

குளத்தங்கரை வரும்வரை அக்கா ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பிறகு, “எறியறதுன்னா எறிஞ்சுக்கட்டும் தம்பி. எத்தன நாளைக்குத்தான் கூப்புடும்” என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதாள். மச்சான் போனதற்குப் பிறகு, சத்தம் போட்டு அவள் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சொன்னபடியே புதுத் தட்டு வந்தது. அக்கா அந்தப் பாட்டைப் பற்றி மறுபடி என்னிடம் பேசவில்லை. அவள் போயும் பல வருஷமாகிவிட்டது.

வானொலியில் வருவது கீறல் இல்லாத தட்டு. ஒரே ஒரு தடவை ‘வா’ என்று கூப்பிட்டுவிட்டு, யாராவது எழுந்து வருகிறார்களா என்று பார்க்காமல் அடுத்த அடிக்குப் போய்விடுகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.