குளிருது என்று சொல்லாதவர்

ஹாலிஎலயில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார் அந்தப் பெண். தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்து விரல்கள் கறுத்திருந்தன. போனில் ஏதோ கேட்டபடி, ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் எழுதுவதும் சேலைத் தலைப்பால் அழிப்பதுமாக வந்தார்.

“அக்கா, வெளிநாட்டுலயும் கண்ணாடி தொடைக்கிற வேலதானா?” என்றான் கண்டக்டர்.

“ஆமாண்டா, ஒன் பஸ்ஸுல பழகிட்டுப் போறேன்.”

கூச்சத்தை விட்டு நானும் விசாரித்தேன். இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையாம். பதுளையில் ஏஜென்சிக்காரர்கள் அன்று மொழிப் பரீட்சை வைத்திருந்தார்கள். குளிர்காலத்துச் சொற்களைக் கேட்பார்களாம்.

“நேவேன்னா வானத்துலேருந்து கொட்டுற பனிங்க. குவாந்தின்னா கையுறை. ‘ஆ ஃப்ரெத்தோ?’ன்னா, ‘ஒங்களுக்குக் குளிருதா?’”

“எனக்குக் குளிருதுன்னு எப்படிச் சொல்றது?”

“அத நான் படிக்கலைங்க. மலையில கங்காணிகிட்ட குளிருதுன்னு சொன்னா, அரைப்பேரு போட்டு, பாதிக் கூலியோட லயத்து வீட்டுக்கு அனுப்பிருவாரு. அங்க சொன்னா ஊருக்கே அனுப்பிருவாங்க. புள்ளைங்க படிப்பு அதோட முடிஞ்சுது.”

பதுளையில் இறங்கியபோது தூறலில் அவருக்கு உடம்பு நடுங்கியது. என் மப்ளரைக் கழற்றி நீட்டினேன்.

“வேணாங்கண்ணே, எனக்குக் குளிரலையே” என்று சிரித்துவிட்டு நடந்தார்.

பரீட்சையில் தேறியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நினைத்தால் சந்தோஷம் வரவில்லை.