கொளஞ்சியப்பன் படித்த துருக்கி

விக்கிரமங்கலம் கொளஞ்சியப்பன் வயரிங் வேலையில் கெட்டிக்காரர். யார் போன் செய்தாலும் முதல் மணியிலேயே எடுத்து, "இதோ வந்துட்டேங்க" என்பார். சொல்லும்போது பெரும்பாலும் ஜெயங்கொண்டத்தில் மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். போன மாசியில் ஒரு கல்யாண மண்டபம் அவரை நம்பி இருட்டில் காத்திருந்தது. மாப்பிள்ளை செல்போன் வெளிச்சத்தில் தாலி கட்டினார். அதற்குப் பிறகு கொளஞ்சியப்பனுக்கு யாரும் போன் செய்யவில்லை. நாற்பத்தொரு வயதில் வெளிநாடு போவதென்று முடிவெடுத்தார்.

பெரம்பலூரில் ஓர் ஏஜென்சி, தோஹாவில் கட்டடம் கட்டும் துருக்கிக் கம்பெனிக்கு ஆள் எடுத்தது. கொஞ்சம் துருக்கி பேசத் தெரிந்தால் போதும் என்றார்கள். அங்கே ஒரு துருக்கிக் குடும்பத்தில் ஏழு வருடம் வேலை பார்த்துத் திரும்பிய லப்பைக்குடிகாட்டு ஹஃபீசா, ஏஜென்சி மாடியில் வகுப்பெடுத்தார்.

மூன்றாவது வாரம் பலகையில் 'கெலிர் கெல்மெஸ்' என்று எழுதினார்.

"கெலிர்னா வரும். கெல்மெஸ்னா வராது. ரெண்டையும் ஒட்டிச் சொன்னா, வந்ததும் வராததுமான்னு அர்த்தம். 'டிக்கெட் வந்த உடனே கெளம்பிடுவேன்'னு சொல்ல இதுதான் வேணும்."

கொளஞ்சியப்பனுக்கு முகம் மலர்ந்தது. "அட, நம்மூர்ப் பேச்சு டீச்சர்!"

"பேச்சு நம்மூருதுதாண்ணே. அவங்க சொன்னா வந்துடுவாங்க."

வீடியோவில் நேர்காணல். துருக்கி இன்ஜினீயர் கேட்டார்: "டிக்கெட் அனுப்பினால் எப்போது வருவாய்?"

கொளஞ்சியப்பன் படித்ததைப் பிரித்துப் போட்டு, "கெலிரிம், கெல்மெம்" என்றார். வருவேன், வரமாட்டேன்.

பக்கத்தில் இருந்த ஹஃபீசா தலையில் கைவைத்தார். இன்ஜினீயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு நிறையப் பேசினார்.

"என்ன சொல்றாரு டீச்சர்?"

"அவருகிட்ட இருக்கற எலக்ட்ரீஷியன் அத்தனை பேரும் வரேன்னுதான் சொல்றானாம். வரமாட்டேங்கறதையும் முன்னாடியே சொன்ன மொத ஆளு நீங்கதானாம். எடுத்துக்கிட்டாருண்ணே."

விசாவை ஏஜென்சிக்காரர் ஜெயப்பிரகாஷ் பார்த்துக்கொண்டார். "இதோ வந்துடுச்சுங்க" என்று ஐந்து மாதம் சொன்னார். "சொன்ன சொல்ல காப்பாத்தாத ஆளு, உருப்படவே மாட்டான்" என்று கொளஞ்சியப்பன் விக்கிரமங்கலம் டீக்கடையில் குமுறினார். கேட்டவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள்.

விசா வந்தது. போனார். இப்போது இன்ஜினீயர் அவருக்கு மட்டும் போன் செய்வதில்லை. நேரில் வந்து பக்கத்தில் நின்று, கையோடு கூட்டிப் போகிறார்.

"இன்ஜினீயரே தேடி வந்து கூப்புடறாருன்னா பாத்துக்க" என்று மனைவி பூமாலையிடம் வெள்ளிக்கிழமைதோறும் பெருமையாகச் சொல்கிறார்.