இருபத்து மூன்றாவது டிஃபெக்ட்

போன ஞாயிறு மதியம். சர்ச் முடிந்தது, பிரியாணி முடிந்தது. சோபாவில் என் மனைவி ஜெசிந்தா. அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"நாலு தொட்டி ரூமை எப்படித் திறந்தே?"

"சொல்ல மாட்டேன்."

இருபத்தாறு வருஷ மணவாழ்க்கையில் அவள் என்னிடம் மறைத்த முதல் விஷயம் இதுதான் — எனக்குத் தெரிந்தவரை.

விஷயம் ஒரு வீடியோ கேம். சிரிக்காதீர்கள்.

பெங்களூருக்கு வேலைக்குப் போன எங்கள் மகன், தன் கேம் கன்சோலை டிவியோடு விட்டுவிட்டுப் போனான். அதிலிருந்த ஒரு புதிர் விளையாட்டு எங்களைப் பிடித்துக்கொண்டது. பாழடைந்த அரண்மனை. சக்கரங்களைத் திருப்பினால் தண்ணீர் ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குப் போகும். சரியான அளவு நிரம்பினால் கதவு திறக்கும். அவ்வளவுதான். ஆனால் விட முடியாது!

தினமும் ஏழரை முதல் எட்டரை வரை. அவள் கையில் கன்ட்ரோலர், என் கையில் நோட்டு. விடையை இன்டர்நெட்டில் தேடக் கூடாது. அது வீட்டுச் சட்டம்.

முதல் பாகத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. சென்ற மாதம் இரண்டாம் பாகம் வந்தது...

நான் வடக்கே, சாகண் தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் செய்கிற ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவன். குறை கண்ணில் பட்டால் எழுதாமல் இருக்க முடியாது. ஒரே தாழ்வாரத்தில் ஏழு முறை நடக்க வேண்டியிருக்கிறது. எழுதினேன். கூடவே வரும் காவல்காரர், யோசிக்க ஆரம்பிக்கும் முன்பே விடையை உளறுகிறார். அதையும் எழுதினேன். சுவருக்குள் கால் மாட்டிக்கொள்கிறது. ஒன்பது நாளில் இருபத்திரண்டு டிஃபெக்ட்!

பத்தாம் நாள் நாலு தொட்டி ரூம் வந்தது. மூன்று மாலைகள் போராடினோம். நான் நோட்டில் கணக்குப் போட்டு எந்தச் சக்கரம் என்று சொல்வேன், அவள் திருப்புவாள். கதவு அசையவில்லை. எப்படிப் போட்டாலும் நான்காவது தொட்டிக்குத் தண்ணீர் வர வழியே இல்லை. இருபத்து மூன்று என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

"ரிஜெக்ட்" என்று சொல்லி டிவியை அணைத்தேன்.

"நான் விளையாடிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"திறக்காத கதவு முன்னால நின்னு என்ன பண்ணப் போற?"

கன்ட்ரோலரை சோபாவில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த நாளிலிருந்து ஏழரை மணிக்கு அவள் உள்ளறையில் ஸ்கூல் பேப்பர் திருத்தினாள். நான் நியூஸ் பார்த்தேன். எட்டரை மணிக்குப் பேச ஒன்றுமில்லாமல் சாப்பிட்டோம். ஒரு வாரம் இப்படியே. கேம் போனால் போகட்டும்... அந்த ஒரு மணி நேரம் போனதுதான் உறைத்தது.

போன ஞாயிறு மதியம் தற்செயலாக டிவியைப் பார்த்தால், அம்மணி நாலு தொட்டி ரூமைத் தாண்டி மூன்று ரூம் போயிருக்கிறாள்! டீச்சரம்மா ஸ்கூல் விட்டு நாலரைக்கே வந்துவிடுகிறாள். நான் வருவதற்குள் தனியாக விளையாடியிருக்கிறாள்.

"அப்போ அது திறக்குமா?"

"திறந்துச்சே."

"எப்படி?"

"சொல்ல மாட்டேன். ரிஜெக்ட் பண்ணின சாமானை எதுக்குத் திரும்பக் கேக்குதீங்க? போதும். நகருங்க, டிவி மறைக்குது."

மறுநாள் கம்பெனி பஸ்ஸில், என்னோடு வேலை பார்க்கும் பாட்டீலிடம் புலம்பினேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரிஜெக்ட் செய்வதற்கு முன் கேஜை செக் பண்ணினீர்களா, சாப்?"

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். எங்கள் தொழிலில் அரிச்சுவடி அது. பாகம் சரியில்லை என்று சொல்லும் முன், அதை அளக்கிற கருவி சரியா என்று பார்க்க வேண்டும். இருபது வருஷமாக நானே ஊருக்குச் சொல்கிற பாடம்.

ஆனால் கேமில் ஏது கேஜ்? நான் எதை வைத்து அளந்தேன்?

நோட்டு!

அன்று மாலை கேமில் அந்த ரூமுக்கே திரும்பப் போய், நோட்டையும் டிவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துப் போட்ட படம். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு கலர் பென்சில். அழகாகத்தான் இருந்தது. திரையில் மட்டும் ஒரு குழாய் கூடுதல். மூன்றாவது தொட்டியிலிருந்து நான்காவதற்குப் போகிறது. நான் படம் வரைந்தபோது பார்த்த கோணத்தில் ஒரு தூண் அதை மறைத்திருக்கிறது. வரைந்து முடித்த பிறகு, மூன்று நாளும் நான் திரையைப் பார்க்கவே இல்லை. நோட்டைத்தான் பார்த்தேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. "அந்தத் தூணுக்குப் பின்னால ஏதோ தெரியுதே" என்று ஜெசிந்தா அப்போதே சொன்னாள். நான் சொன்ன பதில்: "நோட்டுல இல்லையே."

உள்ளறைக் கதவருகே போய் நின்றேன்.

"தப்பு என்னுது."

"எந்தத் தப்பு? நம்பர் சொல்லுங்க."

"இருபத்து மூணு."

சிவப்புப் பேனாவை மூடினாள். "மத்த இருபத்திரண்டு?"

"அது அவங்க தப்புதான். விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"யாரு கேட்டா? அது இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அந்த உளறுவாயன் காவல்காரனைத் கூடச் சேர்ந்து திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும். வாங்க."

இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. குறையே இல்லாத முதல் பாகத்தை விளையாடும்போது நாங்கள் அதிகம் பேசியதில்லை. வாயடைத்து ரசித்தோம். இந்த அரைகுறை இரண்டாம் பாகத்தில்தான் திட்டுகிறோம், சிரிக்கிறோம், அந்தத் தாழ்வாரத்தில் எட்டாவது முறை நடக்கும்போது பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் பேசுகிறோம். நல்ல பொருளும் பிடித்த பொருளும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா? என் ஃபேக்டரியில், ஆமாம். என் சோபாவில்... தெரியவில்லை.

அன்று அடுத்த ரூமுக்குள் நுழைந்ததுமே திரை அப்படியே உறைந்து நின்றது. எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை.

"இது யாரு தப்பு?" என்றாள் ஜெசிந்தா.

நன்றாக யோசித்து, திரையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "அவங்க தப்பு" என்றேன்.

"அப்பாடா! மறுபடி ஆன் பண்ணுங்க."