டொரத்தி உதைத்தால்தான் ஓடும்

ரபேல் அண்ணனுக்கு முட்டி குணமாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது. இந்த ரகசியம் அவரைத் தவிர உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

என் பெயர் வைரவன். கிள்ளானில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். வட்டிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை கிரீஸ் கையோடு நிற்கிறானே என்று உறவுக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்ளட்டும். அந்தக் கடையில்தான் எனக்கு ரபேல் கிடைத்தார்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பா சிக்னல் வேலை பார்த்தார். இவருக்குப் பூச்சோங்கில் ஒரு பேரங்காடியில் லிஃப்ட்டும் மின்படிக்கட்டும் பழுது பார்க்கும் வேலை. வயது ஐம்பத்தெட்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே மனிதர் எங்கேயோ போய்விடுவார். முன்னால் வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிடும். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "மூணாவது வளைவுல இருந்தேன்லா" என்பார்.

அந்த வளைவு காப்பார் பக்கம் இருக்கிறது. பழைய செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று நடாமல் விட்டிருக்கும் நிலத்தில், மோட்டார் சைக்கிள் போல ஏறி உட்கார்ந்து ஓட்டும் நாலுசக்கரப் பந்தய மோட்டார்க்காரர்கள் மண்ணைக் குவித்துத் தடம் போட்டிருக்கிறார்கள். ஞாயிறு விடியலில் அங்கே போனால் பனி முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அதற்குள் போகிற மோட்டாருக்குச் சக்கரம் இருப்பதே தெரியாது. ஆள் மட்டும் மிதந்துபோவது போலிருக்கும். ரபேல் மிதப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்குப் போக முடியாது என்பதால் அவரும் அவர் மனைவி டொரத்தி அக்காவும் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விடுவார்கள். பிறகு இரண்டு பேரும் மோட்டாரை லோரியில் ஏற்றிக் கட்டுவார்கள்.

அக்கா வர ஆரம்பித்தது ஆறு வருடத்துக்கு முன்புதான். ரபேலுடையது பழைய மோட்டார். கார்புரேட்டர் வைத்தது. பட்டன் கிடையாது. காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். விடியற்காலைக் குளிரில் ஐந்தாறு உதை கேட்கும். வேலையில் விழுந்து அவருடைய வலது முட்டியில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு, உதைப்பது கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் சோறு தண்ணி இல்லாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்க்கச் சகிக்காமல் அக்கா சொன்னது, "நான் உதைக்கிறேன். நீங்க ஓட்டுங்க."

அவர் ஏறி உட்காருவார். அக்கா வலப்பக்கம் நின்று, இடது கையை அவர் தோளில் ஊன்றி, உதைகோலை மெதுவாக அழுத்தி, அது இறுகும் இடம் பார்த்து, பிறகு முழு மூச்சோடு ஓர் உதை. எஞ்சின் பிடித்த பிறகும் அந்தக் கை ஒரு நொடி தோளிலேயே இருக்கும்.

அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை பொய்யும்.

புது மாடல் வந்திருந்தது. பெட்ரோலைக் கணினியே அளந்து ஊசிபோல எஞ்சினுக்குள் தெளிக்கும். குளிரோ மழையோ, பட்டனை அமுக்கினால் போதும். பூச்சோங்கில் அதை விற்கும் பிரவின், "அங்கிள், சும்மா ஓட்டிப் பாருங்க" என்று அழைத்தான். ரபேல் இரண்டு சுற்றுப் போய்வந்தார். தொப்பியைக் கழற்றியபோது அவர் முகத்தில் தூங்கி எழுந்த குழந்தையின் களை.

"எப்படிண்ணே?"

"கனவுலா, வைரவா. வளைவுல கேஸ் கொடுத்தா யோசிக்கவே மாட்டேங்குது. நினைச்சா போகுது."

"அப்ப எடுத்துடுங்க."

"வேணாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவரைப் பிடித்துத் திட்டினேன். பழையதைச் சீர்செய்ய வாங்கும் சாமான்களால் என் கல்லாதான் நிறையும். அதையும் மறந்து திட்டினேன். வண்டி கிள்ளானுக்குள் நுழையும்போதுதான் உண்மையைச் சொன்னார்.

"முட்டி நல்லாயிடுச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு. டொரத்திகிட்ட சொல்லல."

"ஏன்?"

"சொன்னா அவ எதுக்கு வரப்போறா? பையன் மார்வின் ஜொகூர்ல, பொண்ணு கிறிஸ்டின் பெர்த்ல. வீட்டுல ரெண்டு பேரும் ஆளுக்கொரு போன் வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். வாரத்துல அந்த ஒரு நாள்தான் அவ கை என் மேல படுது."

அன்றைக்கே கடையில் உட்கார்ந்து பழைய மோட்டாருக்கு வேண்டிய சாமான்களைப் பட்டியல் போட்டேன்.

எனவே பழையதையே புதிதாக்கினோம். அகல ஆக்ஸில் போட்டோம். முன்னும் பின்னும் நல்ல ஷாக் அப்சார்பர் போட்டோம். பிரேக்கை மாற்றினோம். கிட்டத்தட்ட புது மோட்டாரின் விலை ஆகிவிட்டது. உதைகோலை மட்டும் தொடவிடவில்லை. வருடாந்திரப் பந்தயத்தில் ஐம்பது தாண்டியவர்கள் பிரிவில் ஒரு தடவையாவது முதலில் வரவேண்டும் என்று அவருக்கு ஆசை. நேர்ப்பாதையில் வேகம் போதவில்லை என்றார். அழுத்தம் கூடிய பிஸ்டன் ஒன்று இருக்கிறது என்று சொன்னவன் நான். விற்றவன் நான். பொருத்தியவனும் நான். அழுத்தம் கூடினால் உதைகோல் காலைத் திருப்பி அடிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. உதைப்பது யார் என்பதுதான் அன்று என் புத்தியில் உறைக்கவில்லை. ரபேலுக்கும் உறைக்கவில்லை. அவர் நேர்ப்பாதையில் இருந்தார்.

அடுத்த ஞாயிறு பனி கொஞ்சம் அதிகம். அக்கா தோளில் கை ஊன்றினார். முதல் உதை வீண். இரண்டாவது உதையில் எஞ்சின் பாதி பிடித்து எதிர்த்தது. உதைகோல் சுழன்று வந்து அக்காவின் கணுக்காலில் அடித்தது. சத்தமே போடாமல் அப்படியே சரிந்தார்.

ரபேல் மோட்டார் மேலிருந்து குதித்தார். மண்ணில் இரண்டு முட்டியையும் மடித்து உட்கார்ந்து, அக்காவைத் தூக்கிக்கொண்டு லோரிவரை ஓடினார். பனிக்குள் அவர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

லோரியில் உட்காரவைத்து, காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றினார். கணுக்கால் வீங்கியிருந்தது. அக்காவே அழுத்திப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்றார். ரபேல் அழுதுகொண்டிருந்தார்.

"டொரத்தி, ஒண்ணு சொல்லணும். என் முட்டி..."

"நல்லா இருக்கு. ரெண்டு வருஷமா."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

"அவன ஏன் பார்க்கிறீங்க? முப்பது வருஷம் எலும்பு வார்டுல தாதியா இருந்தேன். மாடிப்படியில நான் பார்த்தா நொண்டுறீங்க, பார்க்கலன்னா ரெண்டு ரெண்டு படியா ஏறுறீங்க. இது கூடவா தெரியாது?"

"தெரிஞ்சுமா உதைச்ச?"

அக்கா சப்பாத்து நாடாவை விரலில் சுற்றினார். "நீங்களே உதைச்சிக்கிட்டா, நான் எந்தச் சாக்குல வர்றது? வான்னு ஒரு நாளாவது கூப்பிட்டீங்களா?"

எனக்கு அங்கே வேலையில்லை. மோட்டாரைத் துடைக்கப் போய்விட்டேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத்தான் துடைத்தேன். கண் எரிந்தது. பெட்ரோல் வாடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுவாரமே ரபேல் புது மாடலுக்கு முன்பணம் கட்டினார். போட்ட சாமான்களோடு பழையதை நானே எடுத்துக்கொண்டேன். அந்தப் பிஸ்டனை அன்றைக்கே கழற்றிவிட்டேன். அது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. யார் கேட்டாலும் விற்பதில்லை.

புது மோட்டார் முதன்முதலாகக் காப்பாருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். அதே பனி. லோரியிலிருந்து முதலில் இறங்கியது டொரத்தி அக்கா. கணுக்காலில் கட்டு, கையில் பிளாஸ்க். ரபேல் ஏறி உட்கார்ந்தார். பட்டனை நோக்கி அவர் விரல் போனது.

"இருங்க," என்றார் அக்கா.

பிளாஸ்க்கை என்னிடம் கொடுத்துவிட்டு, நொண்டியபடி வலப்பக்கம் வந்து நின்றார். இடது கையை அவர் தோளில் ஊன்றினார். ஊன்ற வேண்டிய தேவையே இல்லை. வலது கையை நீட்டிப் பட்டனை அமுக்கினார்.

எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. நான் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் தேத்தண்ணி ஊற்றி, குடித்து முடித்தேன். அக்காவின் கை இன்னும் தோளில்தான் இருந்தது.