வீடியோவுக்கு ஒரு அம்மா

கடல்நீரைக் குடிநீராக்கும் என் ஆராய்ச்சிக்கு ஃபெல்லோஷிப் தரும் மயிலாப்பூர் அறக்கட்டளை, ஆண்டு விழாவுக்காக இன்று என்னை வீடியோ எடுத்தது.

காலையில் பெரும்பாக்கம் வந்த அறக்கட்டளை மேடத்துக்கு, எங்கள் அடுக்குமாடி வீட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "அப்ளிகேஷன்ல ஆத்தங்கரைக் குடிசைன்னு எழுதியிருந்தியேம்மா?"

"அதை இடிச்சிட்டுத்தான் மேடம் எங்களை இங்க கொண்டாந்து போட்டாங்க."

உடனே என்னையும் அம்மாவையும் காரில் ஏற்றி அடையாற்றங்கரைக்கே கொண்டுபோனார். இடிபடாமல் மிச்சமிருந்த ஒரு குடிசையின் முன்னால் கேமராவை வைத்தார்கள்.

அம்மா, கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். மேடம் மேலும் கீழும் பார்த்தார். "பழைய புடவையா கட்டிட்டு வந்திருக்கலாமே?"

"இன்னாத்துக்கும்மா? வீடியோ எடுக்குறாங்கன்னா நல்லாத்தானே கட்டிக்கினு வரணும்?"

மேடம் திரும்பி, குடிசையிலிருந்து எட்டிப் பார்த்த ஒல்லியான பெண்மணியை அழைத்து என் பக்கத்தில் உட்காரவைத்தார். "இவளை உங்க பொண்ணா நினைச்சு, தோள்ல கை போடுங்க."

அந்த அக்கா கையைப் போட்டுக்கொண்டே மெல்லக் கேட்டார், "நீ இன்னா படிக்கிற கண்ணு?"

நாள் முழுக்க அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் கத்தினார், "பேச வேணாம்! ரெண்டு பேரும் கொஞ்சம் கண் கலங்கினா போதும்!"

அம்மா காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும்போது மேடம் அன்பாகச் சொன்னார், "விழாவுல உன் அம்மாவுக்கும் மேடையில பொன்னாடை போத்துறோம். அவசியம் கூட்டிட்டு வா."

எந்த அம்மாவை? கமெண்டில் சொல்லுங்கள்.