வெறுங்கொக்கிக்கு ஒரு சிக்னல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில், அறுபதுகளின் கடைசியில், துறைமுகத்தில்.

அப்போது நான் கப்பலில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். சரக்குக் குழியின் விளிம்பில் நின்று கையால் சிக்னல் கொடுப்பவர் ராயபுரத்து மரியதாஸ். குழிக்குள் நடப்பது எனக்குத் தெரியாது, அவர் கையைப் பார்த்துத்தான் நான் தூக்குவதும் இறக்குவதும். ஒரு திங்கட்கிழமை அவருடைய வலது கை பாதி சிக்னலில் தொப்பென்று விழுந்தது, வாய் கோணியது, பேச்சு குழறியது. பத்தே நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. காத்து கருப்பு என்றார்கள் மற்றவர்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று அவர் என்னைத்தான் கேட்டார்.

"இன்னா மாமு நீ, வெயிலு சூடு, மோரு குடி. ஆஸ்பத்திரிக்குப் போனா அன்ஃபிட்னு எழுதி சிக்னல் வேலைய புடுங்கிடுவானுங்க."

பாவி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்கு, மாற்று ஆள் டீ குடிக்கப் போயிருந்த நேரம், குழி விளிம்பில் மரியதாஸ் நின்றார். வலது கை சும்மா தொங்க, இடது கையை உயர்த்தி ஆள்காட்டி விரலைச் சுழற்றினார். 'தூக்கு' என்று அர்த்தம். கொக்கியில் ஒன்றுமே இல்லை, எதைத் தூக்குவது? லேட்டாக வந்துவிட்டு விளையாட்டு வேறா என்ற எரிச்சலில் உள்ளங்கையை விரித்து 'இரு' என்று காட்டினேன். குனிந்து பிரேக்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் ஆள் இல்லை. அவர் வரவே இல்லை என்று அங்கிருந்த எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில், திட்டிவிட்டு வரலாம் என்றுதான் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். மரியதாஸ் பாய்க்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். வலப்பக்கம் முழுக்க அசைவில்லை, பேச்சும் இல்லை. இடது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் மேலே பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது.

இதயம் தாறுமாறாகத் துடித்ததில் உறைந்த ரத்தக் கட்டி மேலேறி மூளைக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டது என்றார், நான் தூக்கிக்கொண்டு ஓடிய பெரியாஸ்பத்திரி டாக்டர். சிலருக்கு அந்தக் குழாயிலேயே கொழுப்பு படிந்து அடைக்குமாம். திங்கட்கிழமை வந்தது எச்சரிக்கை, அன்றே கூட்டி வந்திருக்கலாம் என்றார். எத்தனை மணிக்கு விழுந்தார் என்று கேட்டபோது பத்து மணி என்று என் வாயில் தானாக வந்தது. யார் பார்த்தது என்றார். ஞாயிற்றுக்கிழமை மரியதாஸ் போய்விட்டார்.

ஒன்றை மட்டும் அவர் மனைவியிடம்கூட இதுவரை சொன்னதில்லை. அன்று நான் கதவைத் தள்ளியதும் அவர் என்னைப் பார்த்தார். சுழன்ற விரல் நின்றது. பிறகு மெதுவாக உள்ளங்கையை விரித்து, நான் விஞ்சிலிருந்து காட்டிய மாதிரியே, என் பக்கம் காட்டினார்.